ஹானர்ஸ் விடுதியா, சொராரிட்டி வீடா? மகளுக்காக உதவி கேட்கிறேன்

மகள் அலபாமாவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு முடிக்கிறாள். உயிரியல், கூடவே நன்றாகப் படிப்பவர்களுக்கான ஹானர்ஸ் திட்டம். வரும் ஆகஸ்டுக்கு ஹானர்ஸ் மாணவர்களுக்கான விடுதியில் இடம் கிடைத்து ஒப்பந்தமும் போட்டுவிட்டாள். இப்போது அவள் சேர்ந்திருக்கும் சொராரிட்டி (மாணவியர் சங்கம்), இரண்டாமாண்டில் தங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறது. அங்கே கட்டில்கள் நிரம்பவில்லையாம். இரண்டு இடத்துக்கும் வாடகை கட்ட எங்களால் முடியாது.

விடுதி அலுவலகத்தில் கேட்டாள். ரத்துக் கட்டணம் உண்டு, இடமும் திரும்பக் கிடைக்காது என்றார்கள். மாணவர் விவரங்களின் ரகசியம் காக்கும் ஃபெர்பா சட்டத்தைச் சொல்லி என்னிடம் பேச மறுக்கிறார்கள், எல்லாம் அவள் வழியாகத்தான். வெளியே தங்கினாலும் ஹானர்ஸ் பட்டத்துக்குப் பாதிப்பில்லை என்கிறார் ஆலோசகர். ஆனால் மாலை செமினார், ஆய்வுக் குழு எல்லாமே அந்த விடுதியைச் சுற்றித்தான் நடக்கின்றன. அவள் ஆசைப்பட்டதே அதற்குத்தான். சாப்டர் (சொராரிட்டியின் உள்ளூர்க் கிளை) தலைவி நல்ல பெண். ஆனால் முடிவு அவள் கையில் இல்லை. வீட்டை நிர்வகிக்கும் முன்னாள் உறுப்பினர்களின் ஹவுஸ் கார்ப்பரேஷன்தான் சொல்ல வேண்டும். அங்கே அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை.

விலகிவிடு என்று சொல்ல மனமில்லை. ஊர் புதிது, அந்தத் தோழிகள்தான் அவளுக்குத் துணை. அப்புறம், இனிஷியேஷன் (முறைப்படி உறுப்பினராக்கும் சடங்கு) முடிந்துவிட்டதால், சொராரிட்டிகளின் கூட்டமைப்பான என்.பி.சி. விதிப்படி அதிலுள்ள வேறு சொராரிட்டியிலும் சேர முடியாது.

உங்கள் பிள்ளைகளில் யாராவது இப்படி வீட்டில் தங்குவதிலிருந்து விலக்கு வாங்கியிருந்தால், ஹவுஸ் கார்ப்பரேஷனிடம் என்ன காரணம் காட்டி வாங்கினார்கள்?