பழைய குடும்ப இடுகாட்டில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பாகான் அஜாம் பேத்தி

கங்காணிக் குடும்பம், நாகப்பட்டினத்துக் கப்பல், மலாயாவில் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் எஸ்டேட். மிச்சம் உங்களுக்கே தெரியும். பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயம் இல்லை, கோயில் மட்டும் நிற்கிறது. இடுகாடு அதற்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி. வெட்டிய மட்டைகளைச் சமாதிகள் மேலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். தம்பி பாராங் கத்தியோடு இறங்கினான்.

பூட்டன் சமாதி கிடைத்துவிட்டது. சிமெண்ட் ஈரமாக இருந்தபோதே யாரோ ஆணியால் கீறிய எழுத்து. தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்கப் பாசிக்கு அடியிலிருந்து வந்தது. பூட்டன் பெயர், 1931, கீழே ‘மனைவி’ என்று ஒரு பெயர், ‘மகன் உபயம்’ என்று இன்னொரு பெயர். இடம் போதாமல் கடைசி எழுத்து வளைந்து கீழே இறங்கியிருந்தது. அந்த இரண்டு பெயரும் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

தம்பி அதைச் சத்தமாக வாசித்தான். முட்டி வலி என்று காரிலேயே உட்கார்ந்திருந்த அப்பா, “அவன் அப்பவே சுங்கை பட்டாணிக்குப் போயிட்டான்” என்றார். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். “பசியாறிட்டுப் போவோமா?” என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

செந்தூல் ரயில்வே வீடு

எனக்கு ஒரு சந்தேகம். இந்துக் குடும்பத்தில் புதைத்தார்களா? வேறு யாருடைய சமாதியோ என்னவோ.

எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணம், எஃப்.எம்.எஸ். என்ற மலாய் ஐக்கிய மாநில ரயில்வேயில் குமாஸ்தா. எல்லோரையும் எரித்தாயிற்று, கல்லே கிடையாது. கடைசியில் கோலாலம்பூரில் ஒரு கோயில் உபயக்காரர் பலகையில்தான் தாத்தா பெயரைப் பார்த்தேன். அதன் மேலும் பாதிக்கு மின்விசிறி சுவிட்சு அடித்திருந்தார்கள்.

கிராணி, ஓய்வு

செந்தூல்காரரே, பல சாதிகளில் ஊரிலேயே புதைப்பதுதான் வழக்கம். கப்பலேறினால் மாறிவிடுமா? தோட்டத்துக்குத் தோட்டம் இடுகாடு இருந்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

மறுநடவுக்கு நிலத்தைத் திருத்தும்போது புல்டோசர் ஓட்டிய சீனர் ஒரு சமாதிக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். ஊதுபத்தி கேட்டார். என்னிடம் சிகரெட்தான் இருந்தது. அதையே பற்றவைத்து மண்ணில் ஊன்றிக் கும்பிட்டார், முழுதும் எரியும்வரை காத்திருந்தார். அப்புறம் அதைச் சுற்றிக்கொண்டு போனார். யார் சமாதி என்று எனக்கும் தெரியாது.

சரி, தங்கச்சிக்குச் சில விஷயம். முதலில் தோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நிபோங் திபால் செபராங் பிறை, அதாவது அந்தக் காலத்து நீரிணைக் குடியேற்றப் பகுதி. கொஞ்சம் தள்ளிப் பாரிட் புந்தார் வந்தால் பேராக், அது மலாய் ஐக்கிய மாநிலம். ஆட்சி வேறு, பதிவேடும் வேறு. ஒரே தோட்டத்துக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்தால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். பெயரை எழுதியது எங்களைப் போன்ற கிராணிகள், அதாவது தோட்டத்துக் குமாஸ்தாக்கள், காதில் விழுந்தபடி எழுதியிருப்போம். முத்துசாமியை ஐந்தாறு விதமாகத் தேடுங்கள். கம்பித் தூரிகை போடாதீர்கள், எழுத்து போய்விடும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், கீறல் எல்லாம் தெரியும்.

நிலப் பத்திரத்தையும் பாருங்கள். 1965 தேசிய நிலச் சட்டம் 62ஆம் பிரிவில் இடுகாட்டுக்கென்று ஒதுக்குவது அரசு நிலத்தைத்தான். தோட்டம் தனியார் நிலம், விற்றால் சமாதியும் சேர்ந்தே போகும். நாளைக்கு வீடமைப்பு வரும்போது ஓடக் கூடாது. இப்போதே கோயில் கமிட்டியோடு சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

சுலியா தெரு

உங்கள் கல்லில் பெயராவது இருக்கிறது, அக்கா.

இங்கே பினாங்கில் நூர்தீன் குடும்ப அடக்கத் தலத்தைத் தெருவில் போகிறவர்களும் பார்க்கலாம். நாங்கள் அவ்வளவு பெரிய வீடு இல்லை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழும்பிய காலத்திலேயே வந்தவர்கள் என்று வாப்பா பெருமையடிப்பார். வக்ஃபு நிலத்தில் எங்களுக்கென்று ஒரு மூலை. அதில் ஆண்களின் மீசான் கல் உருண்டை, பெண்களுக்குத் தட்டை. ஓரத்தில் ஒரு தட்டைக் கல், எழுத்தே இல்லை. “இது யாரு?” என்றேன். பெரியவர் ஒருவர் சாதாரணமாக, “அது மலாய்க்கார பெரியம்மா, முதல் சம்சாரம்” என்றார். நான்கு தலைமுறையாக நாங்கள் கலப்பில்லாத ராமநாதபுரம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்!

நார்தாம் ரோடு

எங்களுடையது நேர் எதிர். கொள்ளுப்பாட்டியின் அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரை. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கி, 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட் கிடக்கும் அதே புரோட்டஸ்டண்ட் இடுகாட்டில் அவருக்கும் கல் உண்டு. சம்பங்கிப் பூ கொட்டிக் கிடந்தது, ஒதுக்கிவிட்டு வாசித்தோம். அருமையான கணவர், அன்பான தந்தை, துரைசானி பெயர், பிள்ளைகள் பெயர். எங்கள் கொள்ளுப்பாட்டி இல்லை, அவள் அம்மாவும் இல்லை. அத்தை செருப்பைக் கழற்றப் போனவர், அதை வாசித்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

கிராணி ஐயா சொன்னதோடு இதையும் சேருங்கள். 1867 வரை பினாங்கு இந்திய நிர்வாகத்தில் இருந்ததால், அந்தக் காலத்து ஞானஸ்நான, அடக்கப் பதிவு நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. சர்ச்சில் கல்யாணம் நடக்காதவர்களை அதிலும் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

பாகான் அஜாம் பேத்தி

செந்தூல் அண்ணே, சமாதி எங்களுடையதுதான். இல்லையென்றால் அப்பாவுக்கு அந்தப் பையன் போன ஊர் எப்படித் தெரியும்? கிராணி ஐயா, பதிவேடு எங்கே என்று நான் கேட்கவேயில்லை. ஆனாலும் பாரிட் புந்தார் விஷயத்துக்கு நன்றி, தோட்டத்தின் பாதி அந்தப் பக்கம்தான். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அப்பாவிடம் எப்படிக் கேட்பது?

கிராணி, ஓய்வு

அவரிடம் கேட்காதீர்கள். சுங்கை பட்டாணியில் விசாரியுங்கள்.

செந்தூல் ரயில்வே வீடு

கேட்காமல் விட்டு அவரும் போய்ச் சேர்ந்தால்? நான் அப்படித்தான் சுவிட்சுப் பலகையோடு நிற்கிறேன்.

பாகான் அஜாம் பேத்தி

தம்பி நேற்று ராத்திரியே கேட்டுவிட்டானாம். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.