நுவரெலியா குளிருக்கு பெண்டம் கோழிக்கூட்ட எப்படி மூடுறது?

கேள்வி: வீட்ல பெண்டம்னு சொல்ற சின்ன ரக கோழி நாலு, ஒரு சேவல் இருக்கு. சனவரில விடியக்காலம் புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கு, அதனால அப்பா கூட்ட சுத்தி உரப்பை, படங்கு எல்லாம் போட்டு இறுக்கி மூடிட்டாரு, ஆனா காலைல தொறந்தா தகரத்துல தண்ணி சொட்டுது, நாத்தம் கண்ண எரிக்குது. சூட்டுக்கு பல்ப் போடவா?

பதில் 1: தம்பி, காத்தே போகாம மூடாதீங்க. இறகு முளைச்ச கோழி குளிர தாங்கும், ஈரத்த தான் தாங்காது. அது விடுற மூச்சு ஈரமும், எச்சத்துல வர்ற கண்ண எரிக்கிற அமோனியா வாயுவும் வெளிய போகணும்ல, அதுக்கு கூரைக்கு கீழ, கோழி குந்துற உயரத்துக்கு மேல கம்பிவலை அடிச்சு விடுங்க, படங்கு கீழ்ப்பக்கம் மட்டும் போதும். தரையில காஞ்ச மரச்சீவல் கனமா போடுங்க, நனைஞ்சத அன்னன்னைக்கே அள்ளிடுங்க.

பதில் 2: குந்துறதுக்கு மெல்லிசு கம்பு வேணாம், ரெண்டு அங்குலம் அகல சட்டத்த தட்டையா வைங்க, அப்பதான் வயித்து இறகு கால் விரல மூடிக்கும். பொழுது சாய கொஞ்சம் சோளம் போடுங்க.

பதில் 3: பல்ப் வேணவே வேணாம் தம்பி, சீவல்ல விழுந்தா தீ புடிக்கும், தோட்டத்து லயத்துல எல்லா வீடும் ஒட்டி ஒட்டி இருக்கு. குஞ்சு பொரிச்சு தாய் இல்லாட்டி மட்டும் போடலாம், முதல் வாரம் 32–35 பாகை செல்சியஸ் சூடு, அப்புறம் வாராவாரம் 3 பாகை குறைங்க. குஞ்செல்லாம் பல்புக்கு கீழ குவிஞ்சு கத்துனா குளிருது, தள்ளிப் போயி வாய தொறந்து மூச்சு வாங்குனா சூடு கூடிப்போச்சு.

கேட்டவர்: நன்றிக்கா, அண்ணே. இன்னைக்கே மேல்பக்கத்து உரப்பைய கழட்டுறோம்.