புதுப்பிப்பு: கூஸ்நெக் ஹிட்ச் மாட்டியாச்சு

பிக்கப்புக்கு கூஸ்நெக் ஹிட்ச் (பெட், அதாவது பின்பக்கச் சரக்குத் தளத்தின் நடுவில் ஒரு இரும்புப் பந்து வைத்து, அதில் கனமான டிரெய்லரை மாட்டி இழுக்கிற அமைப்பு) வாங்கணும், பெட்டுக்கு மேலே நிற்கிற வகையா அடியில் மறைகிற வகையா என்று முன்பு கேட்டிருந்தேன். அடியில் மறைகிறதுதான் வாங்கினேன், பி அண்டு டபிள்யூ கம்பெனியின் டர்னோவர்பால். டிரெய்லர் இல்லாதபோது பந்தைத் தூக்கித் தலைகீழாகப் போட்டால் பெட் சமதளமாகிவிடும், வைக்கோல் கட்டும் ப்ளைவுட்டும் ஏற்றுகிற எனக்கு அதுதான் முக்கியம்.

நெஞ்சு படபடத்த இடம் ஒன்றுதான்: நல்லா இருக்கிற வண்டியின் பெட்டில் 4 அங்குல ஓட்டை. கையேட்டில் சொன்ன அளவைக் குறித்து, இன்னொரு தடவை சரிபார்த்து, முதலில் சின்னத் துளை போட்டு, கீழே போய் பிரேக் குழாயோ வயரோ குறுக்கே இல்லை என்று பார்த்த பிறகுதான் ஹோல் ஸா (வட்டமாக வெட்டுகிற ரம்பம்). இரும்புத் தூளை உடனே காந்தம் வைத்து எடுத்துவிடுங்கள், ஒரு மழை போதும் துரு ஏற. வெட்டிய விளிம்புக்கும் பெயின்ட் அடித்துவிட்டேன். ஸ்பேர் டயரை இறக்கினால் உள்ளே கை நுழைய இடம் கிடைக்கும். போல்ட்டுகளைத் தளர்வாகவே மாட்டி, பந்து உட்காருகிற நடுப்பெட்டியை ஓட்டைக்கு நேராக நிறுத்தி, அப்புறம் டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குகிற ஸ்பேனர்) வைத்து முறுக்கினேன்.

“30,000 பவுண்டு இழுக்குமாமே” என்று ஒருவர் கேட்டிருந்தார். அது ஹிட்ச்சின் கணக்கு, வண்டியின் கணக்கு இல்லை. டிரெய்லர் எடையில் 20 சதவீதம் போல பந்தின் மேலேயே இறங்கும். 10,000 பவுண்டு டிரெய்லர் என்றால் வண்டி தாங்குகிற எடையில் 2,000 அங்கேயே போச்சு, அதற்கு மேல் நீங்கள், குடும்பம், ஹிட்ச்சின் எடை. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் பேலோட் (வண்டியில் ஏற்றக்கூடிய மொத்த எடை) ஸ்டிக்கரைப் படித்துவிட்டு டிரெய்லர் பாருங்கள்.

டிரெய்லரின் விளக்கு, பிரேக்குக்கான வயரைச் செருக பெட்டுக்குள் 7 பின் சாக்கெட் வைப்பது இன்னும் பாக்கி.