இல்மனைட்டையும் கார்னெட்டையும் பிரிப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையிலும், பக்கத்தில் கடலில் சேரும் வள்ளியாற்றிலும் கருமணல் (கறுப்பு இல்மனைட், சிவப்புக் கார்னெட் போன்ற கனமான கனிமங்கள் சேர்ந்த மணல்) எந்த விகிதத்தில் இருக்கிறது என்று முதுகலைத் திட்டத்துக்காகப் பார்க்கிறேன், பிரிக்கும் கட்டத்தில் சிக்கிக்கொண்டேன்.

மாதிரிகள் ஜூலை, ஆகஸ்டில் எடுத்தவை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலை லேசான குவார்ட்ஸை அரித்துப்போவதால் கரை அப்போதுதான் நன்றாகக் கறுத்திருக்கும். கழுவி, காயவைத்து, 125 முதல் 180 மைக்ரான் வரை சலித்தாயிற்று. சாதாரணக் காந்தத்தில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் மட்டும் ஒட்டுகிறது, அதுவும் கடற்கரை மாதிரியில் ரொம்பக் கொஞ்சம், மிச்சமெல்லாம் கறுப்பாக அப்படியே கிடக்கிறது. சரி என்று நியோடிமியம் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி இழுத்தால் இல்மனைட்டோடு சிவப்புக் கார்னெட்டும் சேர்ந்தே வருகிறது. தட்டில் நீர் விட்டு அலசினாலும் இரண்டும் பிரியவில்லை (அடர்த்தி இல்மனைட்டுக்கு 4.7, கார்னெட்டுக்குக் கிட்டத்தட்ட 4, வித்தியாசம் போதவில்லை). லேசான கனிமம் மிதக்க, கனமானது மூழ்கும்படி பிரிக்கப் பயன்படும் புரோமோஃபார்ம் திரவத்தின் அடர்த்தி 2.89தான், அதில் இரண்டுமே மூழ்கும், போதாக்குறைக்கு நச்சு வேறு. எங்கள் துறையில் மின்காந்தப் பிரிப்பான் கிடையாது. லென்ஸ் வைத்து ஒவ்வொரு மணியாக எண்ணலாம்தான், இத்தனை மாதிரிக்கு அது நடக்காது.

பிரிப்பான் இல்லாமல் இவ்விரண்டின் எடை விகிதத்தை ஓரளவு நம்பும்படி எடுக்க, நீங்களே செய்து பார்த்த வழி ஏதாவது இருக்கிறதா?