இரவில் கடை அடைக்கும்போது வழிப்பறி: சிறு வியாபாரி எதை முதலில் செய்ய வேண்டும்?

ஒத்தக்கடை மளிகை:

அனைவருக்கும் வணக்கம். மதுரை ஒத்தக்கடையில் பதினோரு ஆண்டுகளாகச் சிறிய மளிகைக் கடை நடத்தி வருகிறேன். பத்து நாட்களுக்கு முன்பு, இரவு பத்தேகால் மணிக்கு, அன்றைய வசூலை ஒரு மஞ்சள் பையில் போட்டு, அதைப் படியில் வைத்துவிட்டு, ஷட்டரின் அடிப்பூட்டைப் போடக் குனிந்தேன். சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே பிடரியில் சில்லென்று இரும்பு பட்டது. திரும்பக் கூடாது என்று சொன்ன குரல் மிக இளம் குரல். பையில் இருந்த 38,000 ரூபாயும், கைபேசியும், பற்று நோட்டும் போய்விட்டன. பணத்தையாவது சம்பாதித்துக்கொள்ளலாம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை மனக்கணக்காகத்தான் இப்போது கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டியிருக்கும் என்று உறவினர்கள் சொன்னதால் இதுவரை புகார் கொடுக்கவில்லை. அன்று முதல் என் மனைவி மாலையில் கல்லாவில் உட்காரவே பயப்படுகிறார். என்னால் 30,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். கேமரா வைப்பதா, கூடுதலாக ஒரு கிரில் கேட் போடுவதா, கல்லாவுக்கு அடியில் ஓர் அரிவாளை வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் கேட்கிறேன்.

கீழமாசி வீதி வியாபாரி:

அண்ணாச்சி, உயிருக்குச் சேதமில்லாமல் வந்தீர்களே, அதுவே பெரிது. அரிவாள் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். என் தாய்மாமன் இதே போன்ற நேரத்தில் இரண்டு கிலோ எடைக்கல்லைத் தூக்கி ஓங்கினார். பணம் தப்பியது. ஆனால் இடது உள்ளங்கையில் விழுந்த வெட்டில் நரம்பு அறுந்து, ஆறு ஆண்டுகளாகியும் அவரால் சாக்கு தைக்கும் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. பயத்தில் இருக்கும் இளைஞன் கையிலுள்ள கத்தி, பழகிய திருடன் கையிலுள்ள கத்தியைவிட ஆபத்தானது. கேட்டதைக் கொடுத்துவிட்டு, கையை அவன் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, ஆள் உயரம், செருப்பு, பேச்சு, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பவற்றை மனத்தில் வாங்கிக்கொள்வதுதான் நம்முடைய வேலை.

உங்கள் கடையின் உண்மையான ஓட்டை ஷட்டரில் இல்லை, அந்த மஞ்சள் பையில்தான் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே பை, அதுவும் தெருவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்த நிலையில். இரண்டு நாள் எதிர்ச் சாரி டீக்கடையில் நின்று பார்த்தவனுக்கு இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? நாங்கள் மாலை ஐந்து மணிக்கு ஒரு முறையும், ஏழரை மணிக்கு ஒரு முறையும் பணத்தைப் பிரித்து, பக்கத்து வங்கியின் பணம் செலுத்தும் இயந்திரத்தில் போட்டுவிடுகிறோம். போகும் நேரத்தையும் வழியையும் ஆளையும் மாற்றிக்கொண்டே இருப்போம். கடை அடைக்கும்போது சில்லறை மட்டும் இருக்கும். பணத்தை ஒருநாளும் கல்லாவில் வைத்து எண்ணுவதில்லை, உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எண்ணுகிறோம். அடைக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பூட்ட, மற்றவர் சுவரில் முதுகைக் கொடுத்துத் தெருவைப் பார்த்தபடி நிற்க. பக்கத்துக் கடைக்காரரோடு பேசி இருவரும் ஒரே நேரத்தில் அடைத்தால் செலவே இல்லாமல் நான்கு கண்கள் கிடைக்கும்.

உலகனேரி வழக்கறிஞர்:

ஐயா, தயவுசெய்து இன்றே புகார் கொடுங்கள். பத்து நாள் தாமதம் ஆகிவிட்டது என்பதற்காகப் புகாரை மறுக்க முடியாது, தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடியே எழுதினால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்த எல்லையைப் பொருட்படுத்தாமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். உங்களுக்கு நடந்தது வெறும் திருட்டு அல்ல. ஆயுதத்தை வைத்து மிரட்டிப் பறித்தது, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் வரும் கொள்ளை, அதற்குப் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு. பொழுது சாய்ந்த பின் நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் பதினான்கு ஆண்டுகள் வரை போகும்.

இன்னொன்று அவசரமானது. எதிரிலுள்ள கடைகளில் கேமரா இருந்தால், பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிக்கொண்டிருக்கும். எனவே அந்த இரவின் பதிவைத் தனியே எடுத்து வைக்கும்படி இன்றே கேளுங்கள். அதை நீதிமன்றத்தில் காட்டுவதற்கு பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் சொல்லப்படும் மின்னணுப் பதிவுக்கான சான்றும் தேவைப்படும். புகார் நகல் இருந்தால் தொலைந்த கைபேசிகளை முடக்குவதற்கான அரசின் சிஇஐஆர் தளத்தில், கைபேசியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துக் கைபேசியை முடக்கலாம். பழைய சிம்மை நிறுத்திவிட்டீர்கள் என்று நம்புகிறேன். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே அழைக்க வேண்டும்.

செல்லூர் ஷட்டர் பட்டறை:

நான் ஷட்டர் வேலை செய்பவன். பலர் இரண்டு ஓரத்திலும் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு நடுவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். திருடர்கள் பூட்டைத் தொடுவதே இல்லை. நடுவில் கடப்பாரையையோ வண்டி ஜாக்கியையோ கொடுத்துத் தகட்டை வளைத்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் தூக்கிவிடுகிறார்கள். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டே போட்டாலும், அது மாட்டியிருக்கும் கொண்டி மெல்லிய தகடாக இருந்தால் பயனில்லை. நடுவில் தரையில் கான்கிரீட்டுக்குள் இறங்கிய கொக்கியும், இடுப்பு உயரத்தில் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையும் போடச் சொல்லுங்கள். கடைக்குப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதன் கீழே கம்பி வலை கட்டாயம் வேண்டும். கன்னம் வைக்கிறவன் எப்போதும் முன்வாசலைத் தேடுவதில்லை.

கேமரா விஷயத்தில் என் அனுபவம் இது: கூரையில் உயரமாக மாட்டினால் தொப்பி மட்டும்தான் பதியும். ஒன்றையாவது வாசல் பக்கம் முக உயரத்தில் வையுங்கள். பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்கு அருகில் வைத்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான்.

காப்பீட்டு முகவர், திருமங்கலம்:

மளிகைக் கடைக்கென்று எடுக்கும் பாலிசியில் 'கன்னக்களவு' என்ற பகுதி, பொதுவாக உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் பணம் கொடுக்கும். வழியில் பறிகொடுத்த பணத்துக்குப் 'பணப் போக்குவரத்து' என்ற பகுதியைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். இரவில் பூட்டிய பெட்டகத்துக்கு வெளியே இருக்கும் ரொக்கத்துக்கும், சாவியைக் கடைக்குள்ளேயே விட்டுச் சென்று பெட்டகம் திறக்கப்பட்டாலும், பொதுவாக இழப்பீடு கிடையாது. தினசரி வசூல் கணக்கின் ஒரு படி வீட்டில் இருக்கட்டும். பற்று நோட்டையும் வாரம் ஒரு முறை படம் எடுத்து வையுங்கள்.

ஒத்தக்கடை மளிகை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை புகார் கொடுத்துவிட்டு, நகலும் வாங்கிவிட்டேன். எதிர் மருந்துக் கடையில் அந்த இரவின் பதிவு இன்னும் அழியாமல் இருந்தது. வண்டியின் பின்பக்க எண் தெரியவில்லை, ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நீல நிறச் செருப்பு அணிந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. குறுக்குப் பட்டைக்கு அளவெடுக்க வியாழக்கிழமை ஆள் வருகிறார். அரிவாள் வாங்கவில்லை. நேற்றிரவு பக்கத்துத் தையல் கடைத் தம்பி, நான் பூட்டி முடிக்கும்வரை தெருவைப் பார்த்து நின்றார். என் மனைவி எட்டு மணி வரை கல்லாவில் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.