ஜிசிசி நிறுவலில் மூன்று நாள்: புதியவர்கள் இணையவழி கம்பைலரில் தொடங்குவதே நல்லதா?

மின்மினி:
நான் பொறியியல் முதலாண்டு மாணவி. விண்டோஸ் மடிக்கணினியில் நிரல் எழுத உதவும் விஎஸ் கோடு மென்பொருளை நிறுவி, சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். அதை இயக்க முயன்றால், நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரான 'ஜிசிசி' என்ற கட்டளை அறியப்படவில்லை என்று செய்தி வருகிறது. எம்சிஸ்2 என்ற மென்பொருள் தொகுப்பு வழியாக ஜிசிசியை நிறுவி, அது இருக்கும் 'பின்' கோப்புறையை, கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான 'பாத்'திலும் சேர்த்துவிட்டேன். மூன்று நாளாக அதே செய்திதான் வருகிறது. என்ன செய்வது?

கரிசல்:
தங்கை, இப்போதைக்கு அதை விட்டுவிட்டு, உலாவியிலேயே இயங்கும் இணையவழி கம்பைலர் ஒன்றில் தொடங்குங்கள். முதல் மாதத்தில் நீங்கள் கற்க வேண்டியவை மாறிகளும் லூப்புகளும் அணிகளும்தான். 'பாத்' என்பது விண்டோஸின் விவகாரமே தவிர, சி மொழியின் பாடம் அன்று. நிறுவலில் சிக்கி, 'நமக்கு இது வராது' என்று முடிவுகட்டி விலகிய நண்பர்களை நான் அறிவேன். அவர்கள் ஒரு வரி நிரல்கூட ஓட்டிப் பார்க்கவில்லை.

வைகைக்கரை:
நான் கல்லூரியில் சி ஆய்வக வகுப்பு எடுப்பவள். கரிசல் அவர்களின் கருத்தை ஏற்க முடியவில்லை. மின்மினி, உங்களுக்கு வந்தது கம்பைலர் எழுதிய செய்தியே அன்று. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், அவற்றை வாங்கி இயக்கும் ஷெல், 'பாத்' பட்டியலில் இருக்கும் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்கிறது. அதாவது உங்கள் நிரலை இன்னும் யாருமே படிக்கவில்லை. விஎஸ் கோடு ஓர் எடிட்டர் மட்டுமே, அதனுள் கம்பைலர் கிடையாது. ஒரு மென்பொருள் தொடங்கும்போது இருந்த 'பாத்' பட்டியலின் நகலையே கடைசிவரை வைத்துக்கொள்ளும் என்பதால், நீங்கள் பட்டியலை மாற்றியபோது விஎஸ் கோடு திறந்திருந்தால் அதற்கு அந்த மாற்றம் தெரியாது. மடிக்கணினியின் மூடியை மூடித் திறப்பது போதாது. விஎஸ் கோடு சாளரங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீண்டும் திறந்து, ஜிசிசியின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

கரிசல்:
விளக்கம் சரியானது. ஆனால் விடை தெரிந்த உங்களுக்கு இது ஒரு பத்தி. தெரியாத அவருக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளை யார் திருப்பித் தருவது?

வைகைக்கரை:
நிறுவலை மாணவர் கண்ணில் படாமல் மறைக்கும் வழியை நாம் முன்பே பார்த்துவிட்டோம். டர்போ சி++ என்ற பழைய கம்பைலரின் நீலத்திரையை, பழைய டாஸ் மென்பொருள்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில் வைத்து ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய கல்லூரிகள் உண்டு. அதில் பழகி வந்தவர் ஜிசிசியின் சி++ கம்பைலரான ஜி++ஐப் பயன்படுத்தினால், 'ஐஓஸ்ட்ரீம் டாட் எச்' கோப்பைச் சேர்க்கச் சொல்லும் முதல் வரியிலேயே அந்தக் கோப்பு இல்லை என்று பிழை வரும். திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்' கட்டளையும் இருக்காது.

கரிசல்:
அது பழைய கம்பைலரின் குறை. டர்போ சி++, சி++ மொழிக்கு 1998இல் தரநிலை வருவதற்கு முன்பே உருவானது. இன்றைய இணையவழி கம்பைலர்கள் பலவற்றின் பின்னணியில் ஓடுவது இதே ஜிசிசிதான். அங்கே பழகுகிறவர் பிழையான எதையும் பழகுவதில்லை. அரைப்புள்ளி விட்டுப்போனால் எந்த வரியைப் பார்க்க வேண்டும், இருபது பிழைகள் கொட்டினாலும் ஏன் முதல் பிழையை மட்டும் முதலில் திருத்த வேண்டும் என்பதை அங்கேயே கற்கலாம். கோப்பைத் திறந்து படிக்கும் நிரல்களுக்கும், பல கோப்புகளாகப் பிரித்த நிரல்களுக்கும் சொந்தக் கணினியே வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரண்டாம் மாதத்து வேலை.

மின்மினி:
எல்லாவற்றையும் மூடித் திறந்தேன், பதிப்பு எண் வந்துவிட்டது! நன்றி அம்மா. ஆனால் இப்போது 'வின்மெயின்' என்பதற்கான வரையறை இல்லை என்றும், அதன் கீழே 'எல்டி' என்றும் வருகிறது. என் நிரலில் 'மெயின்' இருக்கிறதே?

வைகைக்கரை:
'எல்டி' என்பது லிங்கர், அதாவது கம்பைலர் தந்தவற்றை இணைத்து இயங்குகோப்பாக்கும் மென்பொருள். கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது, நிரல் தொடங்கும் இடத்தைத்தான் லிங்கரால் காண முடியவில்லை. விண்டோஸில் 'மெயின்' கிடைக்காதபோது அது 'வின்மெயின்' பெயரைச் சொல்லும். கோப்பின் பெயர் உள்ள தாவலில், பெருக்கல் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டப் புள்ளி தெரிகிறதா? தெரிந்தால் நீங்கள் கோப்பைச் சேமிக்கவில்லை என்று பொருள். திரையில் நிரல் இருக்கிறது, வட்டில் வெற்றுக் கோப்பு இருக்கிறது. வெற்றுக் கோப்பில் கம்பைலருக்கு எந்தக் குறையும் தெரியாது.

கரிசல்:
இணையவழியில் திரையில் உள்ளதே நேராகச் சேவையகத்துக்குப் போகும் என்பதால் இந்தப் பிழை எழவே எழாது. நான் சொல்வதும் இதைத்தான்.

வைகைக்கரை:
எழாது என்பதாலேயே, திரையில் இருப்பதும் வட்டில் இருப்பதும் வேறு வேறு என்பதை அவர் அங்கே அறியவும் மாட்டார்.

மின்மினி:
புள்ளி இருந்தது. சேமித்ததும் நிரல் ஓடியது. ஒரு வரியை மாற்றி மீண்டும் கம்பைல் செய்தபோது, இயங்குகோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று லிங்கர் சொன்னது. இந்த முறை கேட்பதற்கு முன் நானே தேடினேன்: முந்தைய ஓட்டம் எண்ணை உள்ளிடச் சொல்லி இன்னொரு டெர்மினலில் காத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது.