கண்ணுக்குள் ஜூம் வைக்கலாமா? உதவி தேவை

வெள்ளெழுத்து46:
நேற்று சட்டைப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். ஊசிக் காது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மகள்தான் நூல் கோர்த்துக் கொடுத்தாள். அந்தக் கடுப்பில் கண்ணுக்குள் பொருத்தும் கருவி ஒன்றை வரைந்திருக்கிறேன். இடது கண்ணைச் சிமிட்டினால் பத்து மடங்கு ஜூம். வலது கண்ணைச் சிமிட்டினால் இருட்டில் உடம்புச் சூடு தெரியும் (கரண்ட் போனால் பூனையை மிதிக்காமல் நடக்க). இதில் எங்கே உதைக்கும்?

லென்ஸ்பித்து:
ஜூம்தான். தலையை ஒரு டிகிரி திருப்பினால் காட்சி பத்து டிகிரி ஓடும். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி நாலு அடி நடந்து பாருங்கள், புரியும். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவர்களுக்குக் கண்ணுக்குள் குட்டி டெலஸ்கோப் வைப்பது உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவில் 2010-இல் அனுமதித்தார்கள். மூன்று மடங்குகூடப் பெரிதாக்காது. அதையும் ஒரு கண்ணில்தான் வைப்பார்கள், நடக்க மற்ற கண் வேண்டுமே! அப்புறம், பைக்கில் போகும்போது இடது கண்ணில் தூசி விழுந்தால் உங்கள் கதி?

வெள்ளெழுத்து46:
ஐயோ. சரி, பூனை?

அரைஎன்ஜினியர்:
உடம்புச் சூடும் ஒருவகை அகச்சிவப்பு ஒளிதான், சுமார் 10 மைக்ரான் அலைநீளத்தில் வருகிறது. கண்ணின் முன்படலத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதுவே அந்த அலையை விழுங்கிவிடும். போதாததற்குக் கண்ணும் சூடான பொருள்தான். கேமராவுக்குள்ளேயே பல்பு எரிகிற கதை. சென்சாரை வெளியே, கண்ணாடிச் சட்டத்தில் வையுங்கள். விழித்திரை கெட்டவர்களுக்கான ப்ரிமா என்ற கருவியிலும் அப்படித்தான்: கேமரா மூக்குக்கண்ணாடியில், விழித்திரைக்கு அடியில் 2 மி.மீ. சில்லு, அதில் 378 பிக்சல். கண்ணாடியிலிருந்து சில்லுக்குப் படம் போவது அகச்சிவப்பு ஒளியில். ஆனால் அது பார்க்கும் ஒளிக்குப் பக்கத்து அலைநீளம், அதனால் கண்ணுக்குள் நுழைந்துவிடும்.

புரைகண்தாத்தா:
தம்பி, புரை ஆபரேஷனில் மல்டிஃபோகல் லென்ஸ் (கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே லென்ஸ்) வைத்துக்கொண்டவன் நான். ஊசி கோர்க்கிறேன். ஆனால் ராத்திரி எதிரே லாரி வந்தால் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். அதோடு, ரிப்பேர் யார் செய்வது? ஆர்கஸ் 2 என்று, பார்வை போனவர்களுக்கு 60 மின்முனை கொண்ட விழித்திரைக் கருவி வந்தது. 2019-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்குள் வைத்துக்கொண்டவர்கள், பழுதானால் பார்க்க ஆளில்லாமல் நின்றார்கள்.

வெள்ளெழுத்து46:
ஜூமை அழித்துவிட்டேன். சென்சார் சட்டத்துக்கு வந்தாயிற்று. சிமிட்டலுக்குப் பதில் பொத்தான். இப்போது படத்தில் மிச்சம் இருப்பது தடியான ஒரு மூக்குக்கண்ணாடி. பூனைக்கு மணி கட்டிவிட்டேன்.